மரகதத்துக்காகக் கத்திய குரு

அன்புள்ள செல்வி,

ஏழு மாதமாகப் பதில் போடவில்லை. திட்டிவிட்டு மேலே படி. அப்பாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது பேப்பரில் டெண்டர் விளம்பரத்தைக்கூட விடுவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த செமஸ்டர் ‘கிரெண்டல்’ நடத்துகிறேன். ஹாஸ்டலில் நம்மைப் பேசவிடாமல் பண்ணிய அதே ஜான் கார்ட்னர் நாவல்தான், பழைய ஆங்கிலக் காவியம் ‘பேவுல்ஃப்’பில் வரும் அரக்கன் கிரெண்டலே தன் கதையைச் சொல்வது. ஐந்தாம் அத்தியாயத்து டிராகன் முக்காலமும் உணர்ந்தவர், கிரெண்டலுக்கு வாய்த்த ஒரே குரு என்று நீ சொன்னாய். பிள்ளையைக் கெடுத்த ஆள் என்று நான் சொன்னேன். நேற்று கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி, “மேடம், அந்த டிராகன் நெஜமாவே இருக்கா, இல்ல இவனா நெனச்சுக்கிறானா?” என்று கேட்டாள். 1971இல் வந்த புத்தகம். இருபது வருஷமாக எனக்கு இது தோன்றவே இல்லையேடி!

அரசவைப் பாணன் கிரெண்டலைச் சபிக்கப்பட்ட குலம் என்று பாடுகிறான். அதை நம்பி, இரக்கம் கேட்டு அரசனின் மண்டபத்துக்குப் போனவனை அடித்து விரட்டுகிறார்கள். அப்புறம்தான் டிராகனிடம் போகிறான். எப்படிப் போகிறான்? மனத்தை வெறுமையாக்கிக்கொண்டு கல் மாதிரி கீழே கீழே இறங்குகிறான். பழைய ‘பேவுல்ஃப்’ காவியத்தில் கிரெண்டலும் டிராகனும் சந்திப்பதே இல்லை. அங்கே டிராகன் வருவதற்குள், கிரெண்டலைக் கொன்ற வீரன் பேவுல்ஃப் 50 வருஷம் அரசாண்டு முடித்துவிடுகிறான்.

எதற்கும் அர்த்தமில்லை என்று பக்கம் பக்கமாகப் பேசுகிறார் உன் குரு. நடுவில் கிரெண்டல் தன்னையறியாமல் ஒரு மரகதத்தை எடுத்துவிடுகிறான். உடனே, கீழே வை என்று ஒரே கத்தல்! அர்த்தமில்லாத உலகத்தில் ஒரு கல்லுக்கு ஏன் இந்தப் பதற்றம்? காவியத்திலும் ஒரு கோப்பை திருட்டுப் போனதற்கு டிராகன் ஊரையே எரிக்கிறது. நம்ம ஊர்ப் புதையல் காக்கும் பூதமேதான், என்ன, பூதம் தத்துவம் பேசாது.

சிரித்தது போதும். டிராகனைப் பார்த்து வந்த பிறகு கிரெண்டல் உடம்பில் எந்த ஆயுதமும் இறங்குவதில்லை. எனக்கு இப்போது பயமாக இருப்பது அந்த வரம்தான். போன வாரம் சின்னவன் மிருதங்கம் கற்றுக்கொள்கிறேன் என்றான். “கத்துக்கிட்டு என்ன ஆகப்போகுது” என்றேன். வாயில் தானாக வந்த வார்த்தை. அவன் அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. “சரிம்மா” என்று போய்விட்டான். பத்து வயசுப் பையன் அப்படியா போவான்? மூன்று ராத்திரியாகத் தூக்கமில்லை.

மிருதங்கம் என்ன விலை என்று உன் அண்ணனிடம் கேட்டுச் சொல். அந்தப் பெண்ணுக்கு வெள்ளிக்கிழமை பதில் சொல்லியாக வேண்டும், அதற்குள் போனாவது பண்ணு. அப்புறம், உன் பென்சில் குறிப்புகளோடு இருக்கும் பிரதி என்னிடம்தான் இருக்கிறது. திருப்பிக் கேட்டால் நானும் கத்துவேன்.

உன்,
வசந்தா