தகரக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு செண்பகம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பங்குனி உத்திரம், தீமிதி என்று நம் திருவிழாக்கள் வந்து விழுவது பர்மாவில் வெயில் மண்டையைப் பிளக்கிற மாதங்களில்தான். அன்னதான வரிசையில் பாட்டிமார்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்பதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறோம். எங்கள் கோயில் ரங்கூனுக்குப் பக்கத்தில் தன்லினில் இருக்கிறது (நம் ஆட்கள் இன்னும் சிரியம் என்றுதான் சொல்வார்கள்). அங்கே வாசலில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் இருந்தது. 2008 மே மாதம் நர்கிஸ் புயலில் அது வேரோடு சாய்ந்தது, அப்புறம் அந்த இடத்தில் தகரக் கொட்டகை வந்தது. ஏப்ரலில் அதன் கீழே உட்கார்ந்தால் இட்லிப் பானைக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். இப்போது தகரம் துருப்பிடித்துவிட்டதால் இன்னும் பெரிய கொட்டகைக்கு வசூல் நடக்கிறது. என் பங்கைக் கொடுத்துவிட்டேன். கொடுக்கும்போது, பக்கத்தில் ஒரு மரமும் வையுங்கள், செண்பகம் வையுங்கள் என்று சொன்னேன். அது பூச்செடி ஆயிற்றே, நிழலுக்கு எப்படி ஆகும் என்று சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புக்குத்தான் இந்தக் கடிதம்.

அவர்களையும் குறை சொல்ல முடியாது, பெயர்க் குழப்பம் அப்படி. செண்பகத்தைச் சம்பங்கி என்றும் சொல்வதுண்டு, ஆனால் சம்பங்கி என்றால் நாம் மாலை கட்டுகிற நிலச்சம்பங்கியை நினைக்கிறோம், அது கிழங்கிலிருந்து வரும் செடி, இதற்கும் அதற்கும் உறவே கிடையாது. பர்மியரிடம் செண்பகத்துக்குப் பெயர் சகா (பேச்சு என்பதற்கும் அதே சொல்தான்). மஞ்சள் பூ பூப்பது சகாவா. ஆனால் நாற்றுப் பண்ணையில் வெறுமனே சகா என்று கேட்டால் சிலர் தயோ சகாவைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். சீனத்துச் செண்பகம் என்று பெயர்தானே தவிர, அது நம் ஈழத்தலரி. உடைத்தால் பால் வடியும், வெயில் காலத்தில் இலையைக் கொட்டிவிட்டுக் கொம்பு கொம்பாக நிற்கும். நானே ஒருமுறை அப்படி ஏமாந்து வந்திருக்கிறேன். வெள்ளைப் பூ பூக்கும் சகாப்யூவும் வாசனையானதுதான், ஆனால் அது கலப்பினம், பெரும்பாலும் ஒட்டுக்கட்டியோ பதியம் போட்டோதான் வரும்.

உண்மையான செண்பகம் காட்டு மரம். பர்மாவின் காடுகளிலேயே பிறந்தது, நூறு அடிக்கு மேலும் வளரும், மரவேலைக்கு அறுக்கிற அளவுக்கு நேரான தண்டு. கோயில் முற்றத்தில் தனியாக, நல்ல வெளிச்சத்தில் நின்றால் அவ்வளவு உயரம் போகாமல் அகலமாகக் குடை பிடிக்கும். இலை ஒரு சாண் வரைக்கும் நீளும். எல்லா இலையையும் ஒரேயடியாக உதிர்க்காது என்பதுதான் எனக்குப் பிடித்த குணம். வெயில் காலத்தில் தேக்கு மொட்டையாக நிற்கும்போது செண்பகத்தின் கீழே பாய் விரித்துப் படுக்கலாம். என்ன, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துகொண்டே இருக்கும், பெருக்குகிறவர் நம்மைத் திட்டுவார்.

என் பேரன் போனில் அமெரிக்க மக்னோலியாவின் படத்தைக் காட்டி, இதை வரவழைத்து வைக்கலாமா தாத்தா என்று கேட்டான். பெரிய வெள்ளைப் பூ, பளபளவென்று இலை, அழகுதான். ஆனால் நம் செண்பகமும் மக்னோலியாதான் என்று அவனுக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. முன்பு மிச்சேலியா என்று தனியாக வைத்திருந்தார்கள், இப்போது மக்னோலியாவோடேயே சேர்த்துவிட்டார்கள். வீட்டில் இருக்கிற பிள்ளையை விட்டுவிட்டு வெளியே போய்த் தத்து எடுப்பானேன்?

விதை போட்டு வளர்ப்பதில்தான் பலர் தோற்றுப்போகிறார்கள், நானும் இரண்டு தடவை தோற்றேன். காய்கள் கொத்தாக, கரடுமுரடாக, கிட்டத்தட்ட திராட்சைக் குலை மாதிரி தொங்கும். வெடித்தால் உள்ளே செக்கச்செவேல் என்று சதை போர்த்திய விதைகள். மைனாவும் கொண்டைக்குருவியும் நமக்கு முன்னால் வந்துவிடும். கிடைத்ததை எடுத்து, நெல் விதை மாதிரி காயவைத்து டப்பாவில் மூடிவைத்தால் தீர்ந்தது, அது செத்துவிடும். ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, மணலோடு சேர்த்துத் தேய்த்து அந்தச் சிவப்புச் சதையை முழுக்கக் கழுவிவிட வேண்டும், சதையோடு புதைத்தால் முளை தாமதிக்கும், இல்லையென்றால் அழுகும். கழுவிய விதையைத் தள்ளிப்போடாமல் மணல் கலந்த மண்ணில் விரல் நுனி ஆழத்தில் போட்டு, நிழலில் வைத்து ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் ஒன்றிரண்டு மாதத்தில் தலை தூக்கும். முதல் வருடம் உச்சி வெயில் ஆகாது, ஓலையால் மறைப்பு கட்டுங்கள். மரமாகிவிட்டால் வெயில்தான் அதற்குச் சாப்பாடு.

நடுவது மே, ஜூனில் மழை நன்றாகப் பிடித்த பிறகு. வேர் சதைப்பற்றானது, உடைந்தால் எளிதில் தேறாது, அதனால் பையைக் கிழித்து மண்ணோடு அப்படியே இறக்குங்கள், பெரிய கன்றாகத் தோண்டி இடம் மாற்றுகிற வேலை வேண்டாம். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும், எங்கள் மழைக்கு இது சாதாரண விஷயமில்லை, மேடு கட்டித்தான் நட வேண்டும். சுவரிலிருந்து 25 அடியாவது தள்ளி வையுங்கள், மேலே மின்கம்பி போகிறதா என்று ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். எங்கள் தெருவில் ஒரு செண்பகத்தைக் கம்பிக்காக உச்சியிலேயே வெட்டிவிட்டார்கள், வெட்டிய இடத்தில் பத்துப் பன்னிரண்டு கிளைகள் ஒட்டவைத்த மாதிரி முளைத்து, காற்றடித்தால் ஒவ்வொன்றாகப் பிய்ந்து விழுகிறது.

எல்லா ஊருக்கும் இதைச் சொல்ல மாட்டேன். 2024 ஏப்ரலில் சௌக் நகரத்தில் 48.2 டிகிரி வெயில் அடித்தது. அந்த வறண்ட பக்கத்துக்கு, மேக்திலா வரைக்கும், வேப்பமரம்தான் சரி. பெகு, மோல்மேன், ரங்கூன் பக்கம் மேட்டு நிலம் உள்ளவர்களுக்குத்தான் செண்பகம்.

பக்கத்து வீட்டு பர்மியப் பாட்டிக்கு மட்டும் ஒரு தயக்கம். பழைய தகௌங் நகரத்து ராஜா ஒரு கொல்லனைச் சகா மரத்தில் கட்டி எரித்தாராம், தங்கையும் தீயில் பாய்ந்தாளாம், இருவரும் நாட் தேவதைகளாகி அந்த மரத்திலேயே தங்கி, நிழலுக்கு வந்தவர்களை எல்லாம் கொன்றார்களாம். ராஜா மரத்தைப் பிடுங்கி ஐராவதியில் விட, அது மிதந்து பகானில் ஒதுங்கியதாம். அவர்களுக்கு இப்போது இடம் பொப்பா மலை. நிழலே ஆளைக் கொன்ற மரத்தையா கோயிலில் வைக்கப்போகிறாய் என்று கேட்டார். நீங்கள் அந்தக் கொல்லனுக்குத்தானே வீட்டில் சிவப்புத் துணி கட்டித் தேங்காய் தொங்கவிட்டிருக்கிறீர்கள் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி, பூத்தால் புத்தருக்கு வைக்க எனக்குத் தினமும் இரண்டு பூ என்றார். விதைக் கன்று பூக்க ஏழெட்டு வருடம், சமயத்தில் பத்து வருடம்கூட ஆகும் என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

இப்போது என் வீட்டுப் பின்பக்கம் 14 கன்றுகள் பையில் நிற்கின்றன, முழங்கால் உயரம். இரண்டு எங்கள் கோயிலுக்கு, நிர்வாகத்தார் சிரித்து முடித்ததும் கொண்டுபோய் நடுவேன். மிச்சம் 12. கோயில், தமிழ் வகுப்புக் கட்டடம், சுடுகாட்டுச் சாவடி என்று பொது இடத்தில் வைக்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்து வாங்கிப் போகலாம், காசு வேண்டாம், பையை மட்டும் திருப்பித் தாருங்கள்.

இப்படிக்கு,
தன்லின் வாசகர் ஒருவர்