புளியமரத்து ஆறு மா

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். கோயம்புத்தூரில் தங்கச்சியும் பிள்ளைகளும் நலம்தானே? போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை உன் நம்பரை எடுத்தேன். சொல்ல வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஊரில் இருந்து யாராவது உனக்குச் சொல்லியிருப்பார்கள். நம் வட்டிக்காரர் மேல் இருக்கும் கொலை வழக்கில் அவருக்கு வக்கீல் நான்தான். உங்கள் அப்பாவிடம் புளியமரத்து ஆறு மா நிலத்தை எழுதி வாங்கிய அதே மனுஷன். இதை நான் சொல்லி நீ கேட்டிருக்க வேண்டும். ஒன்பது மாதம் தாமதித்தது தப்புதான்.

இறந்துபோனவன் கீழத்தெருப் பையன். குத்தகைக்கு நிலம் எடுத்து உழுதவன், அவரிடம் கடன் வாங்கியிருந்தான். போன வருஷம் ஒரு நாள் காலையில் வாய்க்காலின் கீழ் ஷட்டரில் உடல் கிடந்தது, தலையில் அடி. முந்தின நாள் சாயங்காலம் கடைத்தெருவில் வைத்து அவர் அவன் சட்டையைப் பிடித்ததை ஊரே பார்த்தது. அப்புறம் என்ன, அன்றைக்கே கைது. புதிய சட்டத்தில் கொலைக்கான பிரிவு 103, நாம் படித்த காலத்து 302.

அவருடைய பெண் ஐந்து வக்கீல் வீட்டுப் படியேறியிருக்கிறாள். ஒருவரும் வழக்குக் கட்டைத் தொடவில்லை. சங்கத்தில் சிலர், இந்த ஆளுக்கு யாரும் ஆஜராகக் கூடாது என்று தீர்மானம் போடலாம் என்று பேசினார்கள். 2010ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை எடுத்துப் போய் வாசித்துக் காட்டினேன். உன் கோயம்புத்தூரில் கிளம்பிய விவகாரம்தான் அது. அங்கே போலீஸ்காரர்களுக்கு ஆஜராக மாட்டோம் என்று வக்கீல் சங்கம் போட்ட தீர்மானம். அப்படிப்பட்ட தீர்மானம் எதுவுமே செல்லாது என்று நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். அரசியல் சட்டத்தின் 22வது பிரிவு, பிடிபட்டவன் தனக்குப் பிடித்த வக்கீலை வைத்துக்கொள்ளலாம் என்கிறது. நல்லவனாக இருந்தால் மட்டும் என்று அதில் எழுதவில்லை.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், உன்னிடம் உண்மையைச் சொல்கிறேன். பீஸும் எனக்குத் தேவைப்பட்டது. அறை வாடகை நாலு மாதம் பாக்கி. வந்த பீஸில் பாக்கியைக் கட்டினேன், ஆனால் இருந்த வேலை போய்விட்டது. வக்காலத்து போட்ட மாதத்திலேயே பாகப்பிரிவினை வழக்குக்காரர்கள் இரண்டு பேர் 'நோ அப்ஜெக்ஷன் போட்டுக் கொடுத்துடுங்க சார்' என்று கட்டை வாங்கிக்கொண்டு போனார்கள். ரேஷன் கடை வரிசையில் என் வீட்டுக்காரியிடம் ஒரு அம்மா முகத்துக்கு நேரே கேட்டாளாம், அந்தப் பாவக்காசில்தான் அரிசி வாங்குகிறீர்களா என்று. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஜாமீனுக்கு ராத்திரி பஸ்ஸில் சென்னைக்கு மூன்று நடை. தஞ்சாவூர்க்காரர்களுக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, நம் மாவட்டத்துக்கு இன்னும் சென்னைதான்.

சரி, வழக்குக்கு வருகிறேன்.

போலீஸ் கதை இதுதான். ராத்திரி ஒன்பதரைக்கு மேல் வட்டிக்காரர் பாலத்தில் வைத்து அவனை அடித்து வாய்க்காலில் தள்ளினார், தண்ணீர் இழுத்துக்கொண்டு போய் இரண்டு கிலோமீட்டர் கீழே ஷட்டரில் ஒதுக்கியது. ரோட்டோரத்து டீக்கடைக்காரர்தான் நாலாவது சாட்சி. சத்தம் கேட்டது, வட்டிக்காரர் பாலத்திலிருந்து இறங்கிப் போனதைப் பார்த்தேன் என்கிறார்.

கட்டை நான் எத்தனை தடவை படித்திருப்பேன் என்று கணக்கில்லை. ஒரு ராத்திரி அந்தத் தேதியையே பார்த்துக்கொண்டிருந்தபோது சித்தப்பா ஞாபகம் வந்தார். அந்த வாரம் அவர் நாற்றங்கால் வெடித்துக் கிடந்தது. வாடகைக்கு டீசல் இன்ஜின் வைத்துக் குட்டையிலிருந்து இறைத்தார், ஹோஸ் பிடித்தவன் நான். வாய்க்காலில் தண்ணீர் இருந்தால் எதற்கு இன்ஜின்? முறை வைத்துத் தண்ணீர் விட்டதில், எங்கள் பக்கத்து வாய்க்கால் தலைப்பை மூடியிருந்தார்கள். நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் வெண்ணாறும் கோரையாறும் பாமணியாறும் பிரிகிறதைப் பார்க்கச் சின்ன வயதில் சைக்கிளில் போவோமே, அங்கே தண்ணீர் நிறைய வந்தாலும் அது நம் வாய்க்காலுக்குள் இறங்குவது தலைப்பில் இருக்கிற சின்ன ஷட்டரைத் தூக்கினால்தான்.

டீக்கடைக்காரரைக் குறுக்கு விசாரணை செய்த அன்று இரண்டே கேள்விதான் கேட்டேன்.

"அன்னைக்கு வாய்க்கால்ல தண்ணி எப்படிப் போச்சு?"

"ரெண்டு கரையும் தொட்டுப் போச்சு சார்."

"அந்த வேகத்துலதான் உடம்பு கீழ் ஷட்டர் வரைக்கும் போயிருக்கும்?"

"ஆமா சார்."

உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவுதானா என்பது போல அரசு வக்கீல் என்னைத் திரும்பிப் பார்த்தார். மேலே ஒரு கேள்வி கேட்டிருந்தாலும் அந்த ஆள் உஷாராகியிருப்பார்.

அப்புறம் அந்தத் தலைப்பு ஷட்டரின் நோட்டை வரவழைக்க மனுப் போட்டேன். ஷட்டரை ஏற்றிய நேரம், இறக்கிய நேரம், அளவுகோலில் தண்ணீர் நின்ற உயரம் எல்லாம் எழுதி வைக்கிற நோட்டு. அதை எழுதிய லஸ்கரை, ஷட்டரை ஏற்றி இறக்குகிற ஊழியரை, எங்கள் தரப்புச் சாட்சியாகக் கூப்பிட்டேன். ரிட்டயர் ஆகப்போகிற மனுஷன், அவரும் நம் ஊர்தான். நீ சாட்சி சொன்னால் ஊரில் பச்சைத் தண்ணீர்கூடக் கிடைக்காது என்று மிரட்டியிருக்கிறார்கள். வெள்ளை வேட்டி கட்டி, திருநீறு பூசி, கையில் மஞ்சள் பையோடு வந்து கூண்டில் நின்றார். நோட்டைப் பிரித்துக் கொடுத்தேன். ஈர விரல் பட்டு நீல மை பரவின பக்கம். அந்த நாளுக்கு நேரே, காலை ஆறு மணிக்கு ஷட்டர் இறக்கியது என்று அவர் கையெழுத்து. மறுநாள் காலையிலும் தூக்கவில்லை. பள்ளத்தில் முழங்கால் தண்ணீர் தேங்கி நின்றதோடு சரி, ஓட்டம் கிடையாது.

"ஊருக்குத் தெரியாதா இது?" என்று நீதிபதி கேட்டார்.

"எல்லாருக்கும் தெரியும்ங்க ஐயா. யாரும் என்னைக் கேக்கல" என்றார் லஸ்கர்.

அந்தப் பதிலைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் வரவில்லை மாப்ள, வயிற்றைப் பிசைந்தது. தண்ணீர் நின்றது நம் ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்த விஷயம். முறைக்காக வரப்பில் சண்டை போட்டவர்கள் அத்தனை பேரும் கோர்ட் வராண்டாவில் நின்று, இரு கரையும் தொட்டுப் போச்சு என்ற சாட்சியத்தைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். வட்டிக்காரர் மேல் அவ்வளவு கோபம். அந்தக் கோபம் பொய்யில்லை, எனக்கும் உண்டு.

நீ வெண்மணியைச் சொல்வாய், தெரியும். மாணவர் சங்கத்தில் இருந்த நாளிலிருந்தே நீ சொல்வதுதான். 1968 டிசம்பர் 25, 44 உயிர் வெந்தது. கடைசியில் உயர் நீதிமன்றம் நிலக்கிழாரை விடுதலை செய்தது. வசதி படைத்தவனைத் தப்ப வைக்கத்தான் வக்கீல்கள் இருக்கிறார்கள் என்று நீ கோபப்பட்டால் என்னிடம் உடனே பதில் இல்லை. ஆனால் அதையே நினைத்துக்கொண்டுதான் இந்த வழக்கை நடத்தினேன். அங்கே ஏழையின் சொல் கோர்ட்டில் எடுபடவில்லை. நானும் இங்கே ஒரு ஏழையின் வாயை அடைத்து ஜெயிக்கக் கூடாது என்று முதல் நாளே முடிவு செய்தேன். அந்தப் பையனின் பெண்டாட்டி சாட்சி சொல்ல வந்தாள், இடுப்பில் ஒரு வயசுக் குழந்தை. வட்டிக்காரர் வாசலில் வந்து பேசிய பேச்சை அப்படியே சொன்னாள், எல்லாம் நிஜம். புருஷனோடு சண்டையா, அவன் குடிப்பானா என்று அவளைக் கிழித்திருக்கலாம். எழுந்து, கேள்வி இல்லை என்று சொல்லி உட்கார்ந்தேன். அவர் பெண்ணுக்கு என் மேல் அன்றைக்குப் பெரிய வருத்தம்.

அவர் செய்தாரா என்று நீ கேட்பாய். அவர் என்னிடம் சொன்னதை உன்னிடம்கூடச் சொல்ல மாட்டேன், அது என்னோடு போகும். கோர்ட்டில் பதிவானது மட்டும்தான் உனக்கு. உடல் மிதந்து போகவில்லை என்றால் யாரோ அங்கே கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார்கள். அது யார் என்று போலீஸ் தேடவே இல்லை. ஊருக்குப் பிடிக்காத ஆள் கையில் கிடைத்ததும் விசாரணை அங்கேயே நின்றுவிட்டது. அந்தப் பையனின் பெண்டாட்டிக்கு இது நியாயமா?

இனி, நான் இதை எழுத உட்கார்ந்த காரணம்.

கொலைக்கு முகாந்திரம் காட்டுவதற்காக, அவர் வீட்டு டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்த புரோநோட்டுக் கட்டு முழுவதையும் போலீஸ் சான்றாவணமாகப் போட்டிருக்கிறது. ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டு வந்தபோது உங்கள் அப்பாவின் கையெழுத்து வந்தது. அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய ஐம்பதாயிரம். ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் குறுக்காக, அவர் எப்போதும் போடுகிற மாதிரி 'ன்'னுக்குக் கீழே ஒரு கோடு இழுத்து.

திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்க வரவு. பதினொன்று எண்ணினேன். இரண்டாயிரம், ஆயிரத்து ஐநூறு, ஒரு தடவை நாலாயிரம். அறுப்பு மாதங்களில் கூட, மற்ற மாதங்களில் குறைய. ஒவ்வொன்றுக்கும் கீழே அப்பாவின் கையெழுத்து. கடைசி மூன்றில் கை நடுங்கியிருக்கிறது.

அப்பா ஒரு பைசா கட்டாமல் அலட்சியமாக இருந்துதான் நிலம் போனது என்று நீ நினைத்தாய். அவர் போகும் வரைக்கும் அவரோடு நீ முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கும் அப்படித்தான் சொன்னாய், நானும் நம்பினேன். அவர் கட்டியிருக்கிறார் மாப்ள. பதினோரு தடவை கட்டியிருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை.

அந்த நோட்டுக்காக வட்டிக்காரர் உனக்குப் பதில் சொல்ல வேண்டியவர்தான். நான் அவர் வக்கீல், அதனால் அதில் உனக்கு யோசனை சொல்ல எனக்கு உரிமை இல்லை, நகல் எடுத்துத் தரவும் கூடாது. ஆனால் அது கோர்ட்டில் மார்க் ஆன ஆவணம். நகல் வேண்டும் என்று நீயே வேறு ஒரு வக்கீல் மூலம் மனுப் போடலாம். புரோநோட்டுக் கட்டில் மேலிருந்து பதினேழாவது.

வாதம் அடுத்த வாரம் முடிகிறது. தீர்ப்பு தேதி தெரிந்ததும் எழுதுகிறேன். அதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. திட்டவாவது கூப்பிடு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்