அமாவாசைக் குப்பையை ஓதம் ஏறுமுன் அள்ள வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் அக்னி தீர்த்தத்தில் நீராட ராமேஸ்வரம் வருபவர்களில் பெரும்பாலானோர் தனுஷ்கோடி, அரிச்சல்முனை வரை போய்விட்டுத்தான் ஊர் திரும்புகிறார்கள். கடலில் ஓதம், அதாவது கடல்நீர் ஏற்றம், உயர்வதும் அதே நாட்களில்தான். அமாவாசைக்கு அடுத்த ஓரிரு நாளில் அது உச்சத்துக்கு வரும். மற்ற நாட்களில் அலை தொடாத மேட்டு மணலிலும் அப்போது தண்ணீர் ஏறும். கூட்டம் விட்டுப்போகும் தண்ணீர் பாட்டில், பூசைப் பொருள் சுற்றிய கவர், டீ கப் எல்லாம் கிடப்பது அந்த மேட்டில்தான்.

ஏறக்குறைய பன்னிரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஏற்றம் வருகிறது. காலையில் அள்ளிக்கொள்ளலாம் என்று விட்டால், விடிவதற்குள் ஓர் ஏற்றம் வந்து வாரிக்கொண்டு போய்விடும். கரை பளிச்சென்று இருக்கும், குப்பை கடலுக்குள் இருக்கும். அதனால் அமாவாசை, பௌர்ணமி நாட்களிலும் அவற்றை அடுத்த இரண்டு நாட்களிலும் தூய்மைப் பணியாளர்களின் முக்கியமான வேலை நேரத்தை மாலைக்கு மாற்ற வேண்டும். ஏற்ற நேரம் முன்கூட்டியே கணித்து வெளியிடப்படுகிறது. மீனவர்களைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கடலுக்குள் போனது எல்லாம் மிதந்துகொண்டிருப்பதில்லை. மூடியும் கவரும் தண்ணீரைவிட லேசானவை. பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக் கனமானது. மூடி இறுகியிருக்கும் வரை மிதக்கும், திறந்திருந்தால் நீர் புகுந்து தரைக்குப் போய்விடும். கவரில் பாசி படிந்ததும் அதுவும் மூழ்கிக் கடற்புல் மேல் படிகிறது. கடற்பசுவும் பச்சை ஆமையும் மேய்வது அந்தப் புல்லைத்தான். கரைவலை இழுப்பவர்களுக்கு வேறு துன்பம். வலையின் பை போன்ற மடியில் கவர்கள் ஒட்டி வலைக்கண்களை அடைத்துக்கொண்டால் தண்ணீர் வடியாது, வலை கனத்துப்போகும். பிறகு சிறுமீனுக்கு நடுவிலிருந்து ஒவ்வொரு கவராகப் பிரித்தெடுக்க வேண்டும்.

அடுத்தது காற்று. தனுஷ்கோடி இரு கடலுக்கும் நடுவே ஒடுங்கிய மணல்திட்டு. ஆடிக் காற்று மன்னார் வளைகுடாப் பக்கத்துக் கவரைச் சாலைக்கு அப்பால் பாக் விரிகுடாவில் தள்ளும். வாடைக் காற்றில் இதுவே தலைகீழ். இப்படிப்பட்ட இடத்தில் வாய் திறந்த தொட்டியை வைப்பதும் வைக்காததும் ஒன்றுதான். பக்கவாட்டில் ஒரு சாண் அளவுக்குத் துளையும் மேலே பூட்டிய மூடியும் வேண்டும். தகரம் உப்புக் காற்றில் சீக்கிரம் துருப்பிடித்துவிடும். 120 அல்லது 240 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியைத் தூணோடு பிணைத்து வைப்பது நல்லது. இளநீர்க் கூடுகளுக்குத் தனிக் கம்பிக்கூண்டு கட்டாயம் வேண்டும். பத்து இருபது கூடு விழுந்தாலே தொட்டி நிரம்பிவிடுகிறது, பிறகு வருபவர்கள் போடுவதெல்லாம் மேலே குவிந்து பறக்கிறது. உணவு மிச்சத்தையும் கலக்க விடக்கூடாது. நாயும் காக்கையும் கவரைக் கிழித்து இழுக்கும். மணல் ஒட்டிய கவரை மறுசுழற்சிக்கு யாரும் வாங்குவதில்லை, அந்த மணல் பிளாஸ்டிக் அரவை இயந்திரத்தின் கத்தியை மழுக்கிவிடும். தரையில் விழுமுன் பிடித்தால்தான் அதற்கு விலை.

தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டவற்றில் பிளாஸ்டிக் பை, உறிஞ்சுகுழல், தண்ணீர்ப் பாக்கெட்டோடு பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் உண்டு. காகிதம்தானே என்று அதைக் கடைகளில் தாராளமாகக் கொடுக்கிறார்கள். ஊறிய கப்பைக் கிழித்துப் பாருங்கள், உட்புறத்திலிருந்து கண்ணாடி போன்ற மெல்லிய ஏடு தனியாக உரிந்து வரும். காகிதம் கரைந்தபின் மணலில் தங்குவது அந்த ஏடுதான்.

தண்ணீர் பாட்டில் அந்தத் தடையில் இல்லை. அதற்கு முன்பணம்தான் வழி. நீலகிரியில் மதுபாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2022-இல் வந்தது. தனுஷ்கோடிக்கு அது இன்னும் எளிது. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 2017-இல் திறந்த சாலை ஒன்றுதான், போக வர அதே வழி. போகும்போது பாட்டிலில் எண்ணிட்ட ஒட்டுவில்லை ஒட்டி 10 ரூபாய் வாங்கலாம், வரும்போது திருப்பித் தரலாம். ஈரத்தில் வில்லை உரிந்துவிடும் என்பதால் பாட்டிலின் கழுத்தைச் சுற்றி, முனை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி ஒட்ட வேண்டும். திருப்பித் தரும் இடம் வில்லை ஒட்டும் சாவடியிலேயே இருந்தால் வண்டி தேங்கும். நூறு மீட்டர் முன்னால் தனியாக இருக்கட்டும். முனையில் குடிநீரும் வைக்க வேண்டும். ஆயிரம் பேருக்கு ஆளுக்கு ஒரு லிட்டர் என்றால் 20 லிட்டர் கேன் ஐம்பது போதும்.

ஒரு எச்சரிக்கை. ஜனவரி முதல் சில மாதங்கள் பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி கடலாமை) முட்டையிடும் காலம். முட்டைகள் ஏறத்தாழ ஒன்றரை அடி ஆழத்தில் 45 முதல் 60 நாள் வரை இருக்கும். அப்போது மணல் சலிக்கும் இயந்திரம் கரையில் இறங்கவே கூடாது, கையால்தான் பொறுக்க வேண்டும். தை அமாவாசை இந்தக் காலத்தில்தான் வருகிறது. மாலை வேலைக்கான ஆட்களை அதற்கு ஒரு மாதம் முன்பே ஏற்பாடு செய்ய மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வாசகர்கள்,
ராமேஸ்வரம்