பார்க் மடாலயத்தின் மணிகள்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. கைவலி தணிந்து மீண்டும் வீணையைத் தொட்டிருக்கிறீர்கள் என்று அறிந்து மகிழ்ந்தேன். மகன் வீட்டில் பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தீர்கள். பெல்ஜியத்தின் லூவன் நகரை ஒட்டிய ஹெவர்லேயில் பார்க் மடாலயம் என்று ஒன்று இருக்கிறது. அதன் கோபுரத்திலுள்ள கரில்லானைக் கேட்பதில்தான் பெரும்பாலும் போகிறது. சங்கீதக்காரரான உங்களுக்கு அதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதலாம் என்று நினைக்கிறேன்.

கரில்லான் என்பது சுருதி சேர்த்த மணிகளின் வரிசை. குறைந்தது 23 மணிகள் இருந்தால்தான் அந்தப் பெயருக்குத் தகுதி உண்டு. இங்கே 40 இருக்கின்றன. மணிகள் ஆடுவதில்லை, சட்டத்தில் அசையாமல் தொங்குகின்றன. உள்ளிருக்கும் நாக்கு மட்டும் நகர்கிறது. ஒவ்வொரு நாக்கிலிருந்தும் ஒரு கம்பி இறங்கி, கீழே வாசிப்பவரின் அறையிலுள்ள மரக்கட்டை ஒன்றோடு இணைகிறது. வாசிப்பவர் விரல்களை மடக்கி, சுண்டுவிரல் பக்கமாகக் கையை இறக்கி அந்தக் கட்டைகளைத் தட்டுகிறார். கனத்த மணிகளுக்குக் காலால் மிதிக்கும் கட்டைகளும் உண்டு. நடுவில் மின்சாரம் எதுவும் இல்லாததால், மெல்ல அழுத்தினால் மணி மெல்லப் பேசும், ஓங்கித் தட்டினால் ஓங்கி ஒலிக்கும். ஆனால் ஒலித்த மணியை அடக்க வழியில்லை. பெரிய மணியின் கார்வை அடுத்த சில ஸ்வரங்களின் மேலும் படர்ந்து நிற்கும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டுத்தான் வாசிக்க வேண்டும். இந்த நாட்டுக் கோபுரங்கள் பலவற்றில் முளைகள் பதித்த பெரிய உருளை சுழன்று, மணிக்கொரு முறை தானாகவே பாட்டிசைக்கும் ஏற்பாடும் உண்டு. காலம் காட்ட அது போதும். எத்தனை முறை கேட்டாலும் ஒரே அழுத்தத்தில் ஒலிக்கும் அதை வாசிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த மடம் 1129இல் நார்பர்ட்டைன் சபைத் துறவிகளுக்காக நிறுவப்பட்டது. 1730இல் இங்கே ஒரு கரில்லான் அமைந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் வந்த ஆட்சி மடங்களைக் கலைத்ததையடுத்து, 1811இல் அந்த மணிகள் லூவன் நகர நடுவிலுள்ள புனித பேதுரு தேவாலயத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அங்கே அவை நூறு ஆண்டுகளுக்குமேல் ஒலித்தன. 1914 ஆகஸ்ட் 25 இரவு ஜெர்மானியப் படையினர் நகருக்குத் தீ வைத்தார்கள். பல்கலைக்கழக நூலகம் லட்சக்கணக்கான நூல்களோடு சாம்பலாயிற்று, 248 குடிமக்கள் மாண்டார்கள், தேவாலயத்தோடு மணிகளும் அழிந்தன.

இப்போது நான் கேட்பவை, அந்த 1730ஆம் ஆண்டுக் கரில்லானை முன்மாதிரியாகக் கொண்டு நெதர்லாந்தின் எய்ஸ்பவுட்ஸ் பட்டறையில் வார்க்கப்பட்டவை. முதல் உலகப் போர் முடிந்து சரியாக நூறாண்டு நிறைந்த 2018 நவம்பர் 11 அன்று அரங்கேறின. இந்த முயற்சியில் லூவனோடு கைகோத்த ஊர் ஜெர்மனியின் நொய்ஸ். 1914இல் லூவனில் இருந்த படைகளுள் நொய்ஸ் ஊர்ப் பட்டாளமும் ஒன்று. போர் நினைவுச் சின்னங்கள் மீது எனக்குப் பொதுவாக ஆர்வம் குறைவு. மாலை போட்டதோடு மறந்துவிடுகிறார்கள். இதை அப்படி மறக்க முடியாது, ஏனென்றால் யாராவது ஏறி வாசித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இனி உங்களுக்குரிய செய்திக்கு வருகிறேன். ஒரு மணியைத் தட்டினால் ஒரு ஸ்வரம் மட்டும் கேட்பதில்லை. கீழ் ஸ்தாயி ஷட்ஜம், ஷட்ஜம், சாதாரண காந்தாரம், பஞ்சமம், மேல் ஷட்ஜம் ஆகியவை ஒன்றாக எழுகின்றன. இவற்றை ஒன்றுக்கொன்று சரியாக நிறுத்துவதுதான் மணி வார்ப்பின் நுட்பம். 17ஆம் நூற்றாண்டில், உட்ரெக்ட் நகரின் பார்வையற்ற இசைஞர் யாக்கோப் வான் எய்க் தம் செவியால் இதைப் பகுத்தறிந்தார். அவருடைய துணையோடு ஹெமனி சகோதரர்கள் 1644இல் சுட்பன் நகருக்கு முதன்முதலாகச் சுருதி சுத்தமான கரில்லானை வார்த்தளித்தார்கள். மணிக்கான உலோகத்தில் செம்பு ஐந்தில் நான்கு பங்கு, மீதி வெள்ளீயம். மணியைச் சற்றுத் தடிப்பாக வார்த்து, கடைசலில் ஏற்றி, உட்புறத்தில் இடம் பார்த்துச் சீவுவார்கள். எந்த உயரத்தில் சீவினால் எந்த ஸ்வரம் இறங்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதிகமாகச் சீவிவிட்டால் திரும்ப ஒட்ட வைக்க முடியாது.

அந்தச் சாதாரண காந்தாரம் மணியின் வடிவத்திலேயே பிறப்பது. அதைவிடச் சற்றே உயர்ந்த அந்தர காந்தாரம் வரும் மெட்டை வாசித்தால், ஷட்ஜ மணிக்குள் இருக்கும் சாதாரண காந்தாரம் அதனோடு உரசுகிறது. மகிழ்ச்சியான பாட்டிலும் ஒரு துயரச் சாயல் படிவதற்கு இதுவே காரணம். 1980களில் இதே எய்ஸ்பவுட்ஸ் பட்டறை கணினியில் கணக்கிட்டு, வடிவத்தை மாற்றி, அந்தர காந்தாரம் ஒலிக்கும் மணிகளையும் செய்து காட்டியது. ஆனாலும் பழைய மணிகளே நிலைத்தன; அந்த உரசல்தான் மணியோசைக்கு உயிர் என்பது என் கட்சி.

அப்படியானால் சாதாரண காந்தாரம் உள்ள கரகரப்ரியா ராகம் இந்த மணிகளுக்கு இயல்பாகவே பொருந்தும் அல்லவா? கமகம் மட்டும் கிடைக்காது. மணியில் ஸ்வரத்தை அசைக்க இடமே இல்லை. கமகம் குறைவாக வைத்தாலும் முகம் கெடாத ராகங்களாக, சாதாரண காந்தாரம் உள்ளவற்றில் இரண்டு மூன்றைத் தேர்ந்து எழுதியனுப்புங்கள். இங்கே வாசிப்பவரிடம் கேட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

வீட்டில் அனைவருக்கும் என் அன்பைத் தெரிவியுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் நண்பன்