முகாம் நடத்தும் அன்பர்களே, 65 தாண்டிய ஐயாக்களுக்கு வயிற்று ஸ்கேனும் பாருங்கள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று நம் ஊர்களில் இலவச மருத்துவ முகாம் நடத்துகிற சங்கத்தாருக்கும் இளைஞர்களுக்கும் வணக்கம்.

நான் இந்தப் பக்கத்தில் ஸ்கேன் பார்க்கும் டாக்டர். உங்கள் முகாம்களில் பிரஷர், சுகர், கண், ஈசிஜி எல்லாம் பார்க்கிறீர்கள், பெரிய காரியம். வயிற்றுக்குள் ஓடும் பெருந்தமனியை மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

இதயத்தில் கிளம்பி, முதுகெலும்பை ஒட்டியே இறங்கி, தொப்புள் மட்டத்தில் இரண்டாகப் பிரிகிற பெரிய ரத்தக்குழாய் அது. வயிற்றுப் பகுதியில் சுமார் 2 செ.மீ. விட்டம் இருக்கும். வயதாக ஆக, முக்கியமாகப் பல வருஷம் பீடி, சிகரெட் பிடித்த ஆண்களுக்கு, அதன் சுவர் நலிந்து உப்பிவிடலாம். 3 செ.மீ. தொட்டால் அனியூரிசம் என்கிறோம். பெரும்பாலும் வலியே இருக்காது, வெடிக்கிற அன்றுதான் தெரியும். திடீரென்று முதுகிலோ வயிற்றிலோ தாங்க முடியாத வலி, மயக்கம், அதைக் கிட்னிக் கல் என்று நினைத்து ஊசி போட்டுப் படுக்க வைத்தால் இருக்கிற கொஞ்ச நேரமும் போய்விடும். வெடித்தவர்களில் பெரும்பாலோர் பிழைப்பதில்லை, விஞ்ஞானி ஐன்ஸ்டைன் 1955இல் இறந்ததும் இப்படித்தான். இங்கிருந்து மதுரைக்கு ஆம்புலன்சில் போய்ச் சேரவே எவ்வளவு நேரமாகும் என்று உங்களுக்குத் தெரியும்.

முன்கூட்டியே கண்டுபிடிக்க அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் போதும். கதிர்வீச்சு இல்லை, பத்து நிமிஷத்துக்குள் முடியும். ஆனால் பார்க்கிறவர் பொறுமையாகப் பார்க்க வேண்டும்: நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்துக்குக் கீழிருந்து இரண்டாகப் பிரியும் இடம் வரை முழுக்கப் பார்த்து, எங்கே அதிகம் அகன்றிருக்கிறதோ அங்கே முன்சுவரிலிருந்து பின்சுவர் வரை அளக்க வேண்டும். வயதானவர்களுக்குக் குழாய் வளைந்து நெளிந்து போகும், சாய்வாக வெட்டி அளந்தால் இருப்பதைவிடப் பெரிதாகக் காட்டும், அதனால் குழாய் போகும் திசைக்குக் குறுக்கே, நேர் செங்குத்தாகத்தான் அளக்க வேண்டும். சுவரின் உள்விளிம்பிலிருந்து அளந்ததா வெளிவிளிம்பிலிருந்தா என்பதையும் எழுத வேண்டும், அதிலேயே சில மில்லிமீட்டர் வித்தியாசம் வரும், அடுத்த முறை வேறொருவர் அளக்கும்போது வளர்ந்திருக்கிறதா என்று குழம்பக்கூடாது. 'நார்மல்' என்று ஒரு வார்த்தை எழுதிய ரிப்போர்ட்டை வாங்காதீர்கள், செ.மீ. கணக்கில் எண்ணைக் கேளுங்கள்.

அனியூரிசம் இருந்தாலே ஆபரேஷன் என்று யாரும் பயப்பட வேண்டாம். சின்னதாக இருந்தால் புகையை விட்டு, பிரஷரைக் கட்டுக்குள் வைத்து, டாக்டர் சொல்கிற இடைவெளியில் திரும்ப அளந்துகொண்டு வந்தால் போதும். ஆண்களுக்கு 5.5 செ.மீ. ஆனால்தான் பொதுவாக ஆபரேஷன் பேச்சு, பெண்களுக்கு 5 செ.மீ. அளவிலேயே யோசிப்பார்கள்.

இங்கிலாந்தில் 65 வயதாகும் ஆண்கள் எல்லோரையும் அரசே கூப்பிட்டுப் பார்க்கிறது. ஐரோப்பியர்களைவிட நம்மவர்களுக்கு இது குறைவு, அதனால் எல்லோரையும் வரிசையில் நிறுத்தச் சொல்லமாட்டேன். 65 முதல் 75 வயதுக்குள் இருக்கிற, வாழ்நாளில் ஏதோ ஒரு காலத்திலாவது புகைபிடித்த ஆண்கள், அப்புறம் பெற்றோருக்கோ உடன்பிறப்புக்கோ அனியூரிசம் இருந்தவர்கள், இவர்கள் போதும். புகையை விட்டுப் பல வருஷம் ஆனவர்களும் இதில் சேர்த்தி.

ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி ஸ்கேன் மெஷினைப் பதிவு செய்த இடத்திலிருந்து நினைத்தபடி வெளியே எடுத்துவர முடியாது, அது நல்ல சட்டம். ஆகவே மெஷினைக் கேட்காதீர்கள், ஆட்களை அழைத்து வாருங்கள். முகாமில் பெயர் எழுதும்போதே வயதையும் புகைப்பழக்கத்தையும் கேட்டுக் குறித்துக்கொண்டு, பக்கத்திலுள்ள ஸ்கேன் சென்டரில் முன்கூட்டியே பேசி, இன்னொரு நாள் காலையில் ஒரு வேன் வைத்தால் முடிந்தது. வெறும் வயிற்றில் வந்தால் வாயு குறைந்து படம் தெளிவாக விழும், சுகர் மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்களை மட்டும் முதலில் பார்த்து அனுப்பச் சொல்லுங்கள்.