லீ பிராக்கெட் என்கிற பெண்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஸ்டார் வார்ஸ் படங்களைப் பற்றிச் சென்ற ஞாயிறு மலரில் வந்த கட்டுரையைப் பேரனோடு சேர்ந்து படித்தேன். ‘தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்’ படத்தின் முதல் திரைக்கதையை எழுதியவர் லீ பிராக்கெட் என்று அதில் ஒரே ஒரு வரி. “இந்த ஆளு யாரு பாட்டி?” என்றான். ‘எழுதியவர்’ என்ற மரியாதைச் சொல்லில் ஆணா பெண்ணா என்று தெரியாது. லீ என்ற பெயரிலும் தெரியாது. “ஆளு இல்லடா கண்ணா, ஒரு அம்மா” என்றேன். அவனுக்கு நம்பிக்கை வரவில்லை.

ஹாலிவுட்டுக்கும் அப்படித்தான் இருந்தது. 1944இல் வந்த அவரது துப்பறியும் நாவலின் முறுக்கான வசனங்களைப் படித்த இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸ், எழுதியது ஆண் என்றே நினைத்துக் கூப்பிட்டனுப்பினார். வந்து நின்றதோ 28 வயதுப் பெண். ஹாக்ஸ் படமாக்கிய ‘தி பிக் ஸ்லீப்’ என்ற துப்பறியும் நாவலின் அத்தியாயங்களைத் திரைக்கதையாக்க அவரும், பிற்பாடு நோபல் பரிசு பெற்ற வில்லியம் ஃபாக்னரும் பங்கு போட்டுக்கொண்டு, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமலே எழுதினார்கள்.

அழைப்பு வந்த நேரத்தில் வெள்ளிக் கிரகத்தில் நடக்கும் ஒரு கதை பாதியில் நின்றிருந்தது. அதைத் தூக்கி, பிற்பாடு அறிவியல் கதைகளால் புகழ்பெற்ற ரே பிராட்பரியிடம் கொடுத்துவிட்டார். அப்போது அவர் இன்னும் பெயர் எடுக்காத இளைஞர். ஞாயிற்றுக்கிழமைகளில் சாண்டா மோனிகா கடற்கரைக்குத் தம் கதைகளைக் கொண்டுவந்து பிராக்கெட்டிடம் காட்டித் திருத்திக்கொண்டவர். மிச்சத்தை பிராட்பரி எழுத, 1946இல் இருவர் பெயரிலும் வெளிவந்தது. எந்த வரியில் கை மாறியது என்று இரண்டு முறை தேடிப் படித்தேன். ஒட்டுப்போட்ட இடம் என் கண்ணில் படவில்லை.

நானும் துப்பறியும் கதை எழுதுகிறவள்தான். பல வருஷங்களுக்கு முன் ஒரு வார இதழுக்கு அனுப்பிய கொலைக் கதை, “குடும்பக் கதை இருந்தால் அனுப்புங்கள் அம்மா” என்ற துண்டுச் சீட்டோடு, நான் தபால்தலை ஒட்டி வைத்த உறையிலேயே திரும்பி வந்தது. அந்தச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன். அதனால்தான் மலரில் வந்த அந்த ஒற்றை வரி என்னை உறுத்துகிறது.

1955இல் அவர் எழுதிய ‘தி லாங் டுமாரோ’ நாவலில், அணுகுண்டுப் போருக்குப் பின் அமெரிக்காவில் ஆயிரம் பேருக்கு மேல் எந்த ஊரிலும் வாழக் கூடாது என்று சட்டம். அறிவைத் தேடி வீட்டை விட்டு ஓடும் ஒரு பையனின் கதை அது. அறிவியல் புனைகதைகளுக்கான ஹ்யூகோ விருதின் இறுதிப் பட்டியல் வரை போனது. பேரன் வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய கதை இதுதான் என்பேன்.

ஸ்டார் வார்ஸ் திரைக்கதையை 1978 பிப்ரவரியில் கொடுத்தார். மார்ச் 18 அன்று புற்றுநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. பிறகு மற்றவர்கள் நிறைய மாற்றி எழுதினாலும், 1980இல் வந்த படத்தில் அவர் பெயர் இருக்கிறது. மலரில் அவருக்கென்று ஒரு பக்கம் ஒதுக்குங்கள், படத்தோடு.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி