அவர்கள் கைநாட்டுகள் அல்ல

அமெரிக்க மத்திய மேற்கு மாநிலங்களில் பழைய ஓரறைப் பள்ளிகளை அருங்காட்சியகங்களாகப் பேணி வரும் அன்பர்களுக்கு,

வணக்கம். போன கோடையில் அப்படி ஒரு பள்ளியைப் பார்த்தேன். இரும்பு அடுப்பு, சிலேட்டு, கயிறு தொங்கும் மணி, மெக்கஃபி வாசகப் புத்தகம் என்று எல்லாவற்றையும் அக்கறையோடு வைத்திருந்தார்கள். சுவரில் மட்டும் ஒரு வரி உறுத்தியது: குடியேறிகளின் குடும்பங்களுக்கு எழுத்து வாசனையே இங்குதான் கிடைத்ததாம்.

அது உண்மை இல்லை. அவர்களில் ஏராளமானோர் படிக்கத் தெரிந்தே வந்தார்கள். நார்வேயில் 1736-லேயே திருச்சபையில் திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை வளர்ந்தபின் தன் விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு) பெறுவது சட்டப்படி கட்டாயமாயிற்று. அதற்கு ஞானோபதேசம், அதாவது விசுவாசத்தைக் கேள்வி பதிலாகக் கற்பிக்கும் நூல், படித்தாக வேண்டும். ஆகவே 1739-இல் பள்ளிச் சட்டமும் வந்தது. குடியேறிப் பயிரிடுவோருக்கு நிலம் தந்த 1862-இன் குடிநிலச் சட்டத்தை நம்பி 160 ஏக்கருக்காக வந்து, புல்வேரோடு வெட்டிய மண்கட்டிகளால் வீடு கட்டிக்கொண்டவர்களின் பெட்டிகளில் பைபிளும் ஞானப்பாட்டுப் புத்தகமும் இருந்தன. அயோவாவின் டெகோராவிலிருந்து 1874 முதல் 1972 வரை நார்வேஜிய மொழியில் ஒரு பத்திரிகை வந்தது. வாசிக்க ஆளில்லாமலா அது கிட்டத்தட்ட நூறு வருஷம் ஓடியது?

பள்ளியின் பங்கை நான் குறைத்துச் சொல்லவில்லை. 36 பிரிவுகளாக அளக்கப்பட்ட ஒவ்வொரு டவுன்ஷிப் நிலப்பகுதியிலும் 16-ஆம் பிரிவு நிலத்தைப் பள்ளிக்கென்று ஒதுக்கிய 1785-ஆம் ஆண்டுச் சட்டம் பெரிய காரியம்தான். ஆனால் விதைப்பும் அறுப்பும் வந்தால் பெரிய பையன்கள் வயலில்தான் நிற்பார்கள். அவர்களுக்குப் பள்ளி என்பது குளிர்கால மாதங்கள் மட்டுமே. அப்புறம் கோடையில் சபையார் சில வாரம் தாய்மொழிப் பள்ளி நடத்துவார்கள். சில ஊர்களில் அதுவும் இதே கட்டடத்தில், இதே பெஞ்சுகளில்தான் நடந்தது. அந்த வாரங்களைப் பற்றி நான் பார்த்த பள்ளியில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

அந்தப் படிப்பு தானாக மறைந்துவிடவும் இல்லை. முதல் உலகப் போர் நடந்த 1918-இல் அயோவா ஆளுநர் ஹார்டிங், பள்ளியில் மட்டுமல்ல, ரயிலிலும் தொலைபேசியிலும் தேவாலயத்திலும்கூட ஆங்கிலம்தான் என்று உத்தரவு போட்டார். மறு வருஷம் நெப்ராஸ்காவில், எட்டாம் வகுப்பை முடிக்காத பிள்ளைக்கு வேற்றுமொழி கற்பிப்பதே குற்றமாயிற்று. 1920 மே மாதம், அதே நெப்ராஸ்காவின் ஹாம்ப்டனில் ராபர்ட் மேயர் என்ற ஆசிரியர் மதிய இடைவேளையில் பத்து வயதுப் பையன் ஒருவனுக்கு பைபிள் கதைகளை ஜெர்மனில் வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். அதற்கு 25 டாலர் அபராதம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1923-இல் ஏழு நீதிபதிகள் மேயர் பக்கம் நின்றார்கள், இருவர் எதிர்த்தார்கள். ஒரு குழந்தை தன் வீட்டு மொழியை வாசிக்க இவ்வளவு பாடு பட வேண்டியிருந்ததே என்று நினைக்கும்போது இன்னும் மனம் ஆறவில்லை.

உங்கள் பள்ளியிலும் அப்படி ஒரு வரி இருந்தால் தயவுசெய்து மாற்றுங்கள். மெக்கஃபிக்குப் பக்கத்தில் ஒரு ஜெர்மன் அரிச்சுவடியையும் ஒரு நார்வேஜிய ஞானோபதேசத்தையும் வையுங்கள். மேயரின் கதையைச் சொல்லுங்கள். சுற்றுவட்டாரக் குடும்பங்களிடம் பாட்டன் பாட்டி எழுதிய பழைய கடிதங்கள் இருக்கும். அந்தக் காலத்துக் கையெழுத்தைப் பேரப்பிள்ளைகளால் படிக்க முடிவதில்லை. படிக்கத் தெரிந்த ஒருவரை மாதம் ஒரு நாளாவது அந்தப் பெஞ்சில் உட்கார வையுங்கள். கடிதங்களோடு வருபவர்களுக்கு அவர் வாசித்துக் காட்டட்டும்.

அன்புடன்,
ஒரு தமிழ் வாசகர்